புரத மாவும் பொருமும் வயிறும்

கேள்வி: எனக்கு 43 வயது. சில வருடங்களாகக் குரோன்ஸ் நோய். பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து எடுக்கிறேன். இப்போது நோய் அடங்கித்தான் இருக்கிறது. ஆனால் போன தடவை கூடினபோது மெலிந்த உடம்பு இன்னும் தேறவில்லை. 46 கிலோவில் நிற்கிறேன். புரதம் கூட்டிச் சாப்பிடச் சொன்னார்கள். தம்பி கனடாவிலிருந்து வனிலாச் சுவையில் பெரிய டின் ஒன்று அனுப்பினான். அதில் போட்டிருக்கிறபடி இரண்டு கரண்டி மாவைப் பாலில் குலுக்கிக் குடித்தால் அரை மணித்தியாலத்தில் வயிறு ஊதிக் குமட்டுகிறது. இரண்டு மூன்று மணித்தியாலம் கழிய வயிற்றோட்டம். கடையில் வாங்கிய சோயா மாவும் பொருமல்தான். புரதமே என் குடலுக்கு ஒத்துவராதா? அம்மா, "உந்த டின் எல்லாம் எதுக்கு, சத்துமாவைக் காய்ச்சிக் குடி" என்கிறா. யார் சொல்வது சரி?
— வாசகி, உடுவில்

பதில்: புரத மாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "எந்த டின் நல்லது?" என்று மட்டும் கேட்பார்கள். நீங்கள் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிட, எவ்வளவு மா, எதில் கலக்கினீர்கள், எத்தனை மணிக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

முதலில், புரதம் குற்றவாளி இல்லை. குரோன்ஸ் என்ற குடலழற்சி நோய் உள்ள பிள்ளைகளுக்கு உலகின் பல நாடுகளில் முதல் சிகிச்சையாகக் கொடுப்பதே கரைத்துக் குடிக்கும் ஊட்ட மாதான். ஆறு முதல் எட்டு வாரம் வரை சோறு, இடியப்பம் எதுவும் இல்லாமல் அதை மட்டும் கொடுப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குடலின் அழற்சி அதனாலேயே அடங்கிவிடும். இந்த மாக்கள் சிலவற்றில் இருப்பது கேசீன், அதாவது பால் திரையும்போது கட்டியாகிற புரதம். புரதத்தை முழுதாகக் கொடுக்காமல் அதன் கூறுகளான அமினோ அமிலங்களாக உடைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லதாயிருக்குமோ என்றும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குரோன்ஸ் குடலுக்குப் புரதம் பகை என்றால் இது நடந்திருக்காது. பால்புரத ஒவ்வாமை என்று ஒன்று உண்டுதான். ஆனால் அதில் பெரும்பாலும் உடம்பு தடித்துக் கடிக்கும், உதடு வீங்கும், மூச்சு முட்டும். நீங்கள் எழுதியிருப்பது அதுவல்ல.

அடுத்ததாக எல்லோரும் கைகாட்டுவது பாலை. பாலில் உள்ள சீனியின் பெயர் லக்டோஸ். அதைச் செரிக்கிற நொதியம், அதாவது உடைத்துக் கொடுக்கும் பொருள், நம் பகுதி மக்களில் பலருக்கு வளர்ந்தபின் குறைந்துவிடுகிறது. சிறுகுடலில் அழற்சி வந்துபோனவர்களுக்கு இன்னும் குறையலாம். இது உண்மை. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். தம்பி அனுப்பியது அநேகமாக ‘வே’ புரதம். பால் திரைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீரிலிருந்து எடுப்பது. அதில் சாதாரண வகையான ‘கொன்சன்ட்ரேட்’ 30 கிராமில் லக்டோஸ் ஏறக்குறைய 2 கிராம்தான். இரண்டு தேக்கரண்டி பால்மா போட்ட ஒரு பால்தேத்தண்ணியில் 4 கிராம் வரை இருக்கும். லக்டோஸ் செரிக்காதவர்களில் பெரும்பாலானோர் ஒரே தடவையில் 12 கிராம் வரை பெரிய தொல்லையில்லாமல் தாங்குகிறார்கள். ஆகவே காலைத் தேத்தண்ணி உங்களுக்குச் சிக்கல் தராவிட்டால், மாவில் உள்ள லக்டோஸை மட்டும் குறை சொல்ல முடியாது. அதைக் கரைத்த ஒரு கோப்பைப் பால்தான் 10 கிராமைக் கொண்டுவந்து சேர்க்கிறது!

இனி டின்னைத் திருப்பிப் பாருங்கள். கனடா டின் என்றால் ஆங்கிலமும் பிரெஞ்சுமாகப் பக்கம் நிறைய எழுதியிருக்கும். பயப்பட வேண்டாம், சேர்மானப் பட்டியல் ஒன்றே போதும். எடையில் கூடியது முன்னுக்கும் குறைந்தது பின்னுக்குமாக வரும். தேட வேண்டியவை சில. இனுலின் அல்லது சிக்கரி வேர் என்றிருந்தால் அது நாரின் ஒரு வகை. சிறுகுடல் அதைத் தொடாது, பெருங்குடலின் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். நலமான குடலுக்கு நல்லது என்று சேர்க்கிறார்கள், உங்களுக்கு அது பொருமல். சோர்பிட்டோல், மல்ட்டிட்டோல் என்று ‘இட்டோல்’ என முடியும் இனிப்பூட்டிகள் அரைகுறையாகவே உறிஞ்சப்படும். மிச்சம் குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றைக் கழியவைக்கும். சாந்தன் பசை, குவார் பசை என்பவை பானம் தடிப்பாக இருப்பதற்காகச் சேர்க்கும் பசைகள். அளவு சிறிதானாலும் சிலருக்கு உப்புசம் தரும். வனிலா, சொக்லட் என்று சுவை ஏற ஏற இந்தப் பட்டியலும் நீளும்.

ஆனால் உங்கள் குமட்டல் அரை மணித்தியாலத்தில் வருகிறது. குடித்தது பெருங்குடல் வரை போக வழக்கமாக ஒன்றரை மணித்தியாலமாவது ஆகும். இனுலினும் லக்டோஸும் வேலை காட்டுவது அதற்குப் பிறகுதான். எனவே மூன்றாம் மணித்தியாலத்து வயிற்றோட்டத்துக்கு அவற்றைச் சந்தேகிக்கலாம். அரை மணித்தியாலத்து ஊதலுக்குக் காரணம் வேறு. செறிவான பானம் வேகமாக உள்ளே இறங்கினால் குடல் அதை ஐதாக்கத் தன் நீரைக் கொடுக்கும். இதைப் பள்ளிக்கூடத்தில் பிரசாரணம் என்று படித்திருப்பீர்கள்: செறிவு குறைந்த பக்கத்து நீர் செறிவு கூடிய பக்கம் போவது. போதாக்குறைக்குப் போத்தலில் குலுக்கும்போது எழும் நுரையோடு காற்றையும் விழுங்குகிறோம். இரண்டு கரண்டியைப் பாலில் கரைத்து ஒரே மூச்சில் குடிப்பது பாரம் தூக்குகிற இளைஞர்களுக்கு எழுதிய செய்முறை. உங்கள் தம்பியின் அன்பில் குறையில்லை. டின்னை எழுதியவர் மனதில் நீங்கள் இல்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? நோய் அடங்கியிருக்கும்போது நிறையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் புரதம் என்பதும், நோய் கூடியிருக்கும்போது 1.2 முதல் 1.5 கிராம் என்பதும் குடலழற்சி நோயாளருக்கான பொது வழிகாட்டல். மெலிந்திருப்பதால் மேல் அளவையே வைத்தால் உங்களுக்கு நாளுக்கு 55 முதல் 69 கிராம். இரண்டு முட்டையில் 12, சுன்னாகம் சந்தையில் வாங்கும் மீன் 100 கிராமில் 20, ஒரு நாள் சோற்றுக்கான அரிசி 200 கிராமில் 14, மசித்த பருப்பில் ஒரு 7. கூட்டினால் 53. பற்றாக்குறை பெரிய நாளிலும் 16 கிராம் தாண்டாது. அதாவது மாவில் ஒரு கரண்டிக்கும் குறைவு. நீங்கள் குடித்தது அந்தப் பற்றாக்குறையின் மூன்று மடங்கு.

எனவே நான் செய்யச் சொல்வது இது. சுவை, இனிப்பு எதுவும் சேராத ‘ஐசோலேட்’ வகை வே வாங்குங்கள். புரதம் நூற்றுக்கு 90 அளவுக்குச் செறிந்தது, லக்டோஸ் கிட்டத்தட்ட இல்லை. சேர்மானப் பட்டியல் ஒரு வரிக்கு மேல் போனால் வேண்டாம். கிடைத்தால் சிறிய பையே எடுங்கள். பெரிய டின் மலிவுதான், ஒத்துவராவிட்டால் அலுமாரிக்கு மேல்தான் போகும். முதல் மூன்று நாள் ஒரு தேக்கரண்டி, பிறகு இரண்டு என்று ஏற்றுங்கள். அந்த நாட்களில் சாப்பாட்டில் வேறெதையும் மாற்றாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது கடித்தது என்று கடைசிவரை தெரியாது. பாலை விட்டுக் கொதித்தாறிய தண்ணீரில் கரையுங்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுக்கிறவர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிப்பது எப்படியும் சரியல்ல. கரண்டியால் மெல்லக் கலக்கி, நுரை அடங்கவிட்டு, அரை மணித்தியாலம் எடுத்துக் குடியுங்கள்.

தண்ணீரில் குடிக்க மனம் வராவிட்டால் கஞ்சியில் சேர்க்கலாம். ஆனால் அடுப்பில் இருக்கும்போது வேண்டாம். வே புரதம் 70 பாகை அளவில் திரையத் தொடங்கிவிடும். சத்து ஒன்றும் போகாது, கட்டி கட்டியாக மிதக்கிறதைப் பார்த்தால் உங்களுக்குத்தான் குடிக்க மனம் வராது. கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறினபின், முதலில் குளிர்ந்த தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள். ஒடியற் கூழில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள்: கொதியும் பழப்புளியும் சேர்ந்தால் மாவும் கெடும், கூழும் கெடும். கூழுக்கு அதற்குரிய மரியாதையைக் கொடுப்போம்.

குடல் ஒடுங்கியிருக்கிறது என்று வைத்தியர் சொல்லியிருந்தாலும், சிறுநீரகத்தில் குறை இருந்தாலும் இந்தக் கணக்கு மாறும். பட்டியலுள்ள பக்கத்தைப் படமெடுத்து அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்தம் போவது, காய்ச்சல், வாந்தியோடு வயிறு இறுகுவது இவற்றில் எது வந்தாலும் மாவைப் பழி சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது, உடனே போங்கள்.

சோயாவுக்கும் அம்மாவின் சத்துமாவுக்கும் வருகிறேன். சோயா நமக்குப் புதிதல்ல. 1973 இல் தொடங்கிய திரிபோஷ திட்டத்து மாவில் சோளத்தோடு சேர்வது அதுதான். பருப்பு வகை எல்லாவற்றிலும் ரஃபினோஸ், ஸ்டக்கியோஸ் என்ற சீனிகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதியம் மனிதக் குடலில் கிடையாது. சோயா மாவிலும் சோயா மீற்றிலும் அவை அப்படியே இருக்கின்றன. சோயா ஐசோலேட்டில் பெரும்பகுதி கழுவப்பட்டுப் போய்விடும்.

சத்துமாவில் உளுந்தும் பயறும் பாதி, குரக்கனும் அரிசியும் பாதி என்றால் 50 கிராமில் புரதம் 7 அல்லது 8 கிராம். உங்கள் பற்றாக்குறையில் பாதி அதிலேயே அடைபடும், அம்மா சொல்வதில் பிழையில்லை. ஆனால் உளுந்தையும் பயறையும் வெறுமனே வறுக்காமல், முதல்நாள் இரவு ஊறவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டி, பயறை முளைகட்டிக் காயவைத்த பிறகு வறுத்துத் திரிக்கச் சொல்லுங்கள். அந்தச் சீனிகளில் ஒரு பங்கு தண்ணீரோடு போகும், ஒரு பங்கை முளை தின்றுவிடும். கோது நீக்கிய உளுந்தே எடுக்கவேண்டும். திரித்தபின் கண் நெருக்கமான அரிப்பில் இரண்டு தரம் அரிக்கவேண்டும். நோய் கூடியிருக்கும் நாட்களில் அதையும் விட்டுவிட்டு ஐசோலேட்டும் முட்டையும் போதும் என்று அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் சொன்னால் கோபம் வரும்.