வெயில் எல்லோருக்கும் ஒன்றா?

ஹைதராபாத் நகரில் அமீர்பேட் என்று ஒரு பகுதி. கம்ப்யூட்டர் படிப்புக்குப் பேர்போன இடம். மைத்ரிவனம் கட்டிடத்தைச் சுற்றிப் பயிற்சி நிலையங்கள். பல மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வந்து, விடுதிகளில் தங்கிப் படிப்பார்கள். படித்து முடித்து வேலைக்குப் போவார்கள்.

இந்த இளைஞர்களை நம்பி இன்னும் பலர் அங்கே பிழைக்கிறார்கள். இட்லி வண்டிக்காரர், பழம் விற்கும் பெண், துணி தேய்ப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், விடுதியில் சமைப்பவர், கட்டிட வேலை செய்பவர்.

மே மாதம், பகல் இரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம். வெயில் 42 டிகிரி. மாடியில் வகுப்பு நடக்கிறது. ஏ.சி. ஓடுகிறது. உள்ளே குளிர்ச்சி. அறையிலிருந்து எடுத்த சூட்டை ஏ.சி. எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? வெளியேதான். கீழே தெருவில் இருப்பவருக்கு மேலிருந்து வெயில், கீழிருந்து தார் ரோட்டின் சூடு, பக்கத்தில் ஏ.சி. பெட்டி கக்கும் சூடு. துணி தேய்ப்பவருக்குக் கையில் இஸ்திரிப் பெட்டியின் சூடு வேறு.

வெயில் ஒன்றுதான். படுகிறவர்கள் பாடு ஒன்றல்ல.

இந்த வெயில் ஏன் கூடுகிறது? நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிக்கும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. அது பூமியைப் போர்வைபோல மூடிக்கொள்கிறது. பகலில் ஏறிய சூடு முழுவதும் வெளியே போக முடிவதில்லை. போர்வையின் கனம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. இதைத்தான் பருவநிலை மாற்றம் என்கிறார்கள்.

யார் எவ்வளவு வாயு விடுகிறார்கள் என்று கணக்கு இருக்கிறது. சராசரியாக ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன். ஓர் இந்தியர் சுமார் 2 டன். இதுவும் சராசரிதான். கார் வைத்திருப்பவரையும் தள்ளுவண்டிக்காரரையும் சேர்த்துப் போட்ட கணக்கு. தள்ளுவண்டிக்காரரின் பங்கு அந்த இரண்டு டன்னிலும் குறைவாகவே இருக்கும். சூடு மட்டும் அவருக்கு அதிகம்.

2015 கோடையில் ஆந்திரப் பிரதேசத்திலும் தெலங்கானாவிலும் வெப்ப அலை வீசியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூலி வேலை செய்தவர்கள், முதியவர்கள், வீடில்லாதவர்கள்தான் அதில் பெரும்பாலோர்.

பாடம் யாருக்கு?

சுற்றுச்சூழல் பற்றி எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே உத்தரவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாடம், சினிமாக் கொட்டகையில் சிலைடு என்றெல்லாம் அதில் சொன்னது. 2002-ல் டில்லியில் உலக நாடுகள் கூடின. பருவநிலை பற்றி மக்களுக்குக் கல்வி தர ஒரு வேலைத் திட்டம் போட்டன. அதற்கு டில்லியின் பெயரையே வைத்தார்கள்.

பாடம் வந்தது. மரம் நடு, மின்சாரத்தை வீணாக்காதே, பிளாஸ்டிக்கைக் குறை. நல்ல பாடம்தான். ஆனால் வீட்டில் ஒரே ஒரு பல்பு எரிகிற பிள்ளை எதைக் குறைக்கும்? தன் தகரக் கூரை வீட்டில் இரவெல்லாம் ஏன் தூக்கம் வரவில்லை என்று அந்தப் பிள்ளை கேட்டால், பாடம் அதற்கும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

ஹைதராபாத் வானிலை ஆய்வு மையம் பேகம்பேட்டில் இருக்கிறது. அது அமீர்பேட்டுக்குப் பக்கத்துப் பகுதி. வெயில் எச்சரிக்கை அங்கிருந்துதான் வருகிறது. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் பெரிய ஆபத்து. பகல் 12 முதல் 3 மணி வரை வெளியே போகாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று அறிவிப்பார்கள்.

பழம் விற்கும் பெண் இதைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் கடையை மூடினால் அன்றைய வருமானம் போகும். சரி, தண்ணீராவது குடிக்கலாம். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே! பக்கத்தில் கழிப்பறை இல்லாததால் பல பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அது அறியாமை இல்லை. அவர்களுக்கு வேறு வழி இல்லை. தண்ணீர் குடி என்று சொல்லும் பாடத்தோடு ஒரு கழிப்பறையும் வர வேண்டும். கட்டிட வேலைக்கும் இதே கதைதான். தெலங்கானாவில் மார்ச் பாதியில் பள்ளிகளுக்கு அரைநாள் ஆக்கிவிடுகிறார்கள். பிள்ளை மதியம் வீடு திரும்பிவிடும். சித்தாள் வேலைக்குப் போன அம்மாவுக்கு யார் அரைநாள் தருவது? தந்தாலும் முழுக் கூலி கிடைக்குமா?

கூரையின் கதை

தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் வெயிலை வாங்கி வீட்டுக்குள் இறக்கும். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். 2017-ல் ஹைதராபாத்தின் தேவரகொண்டா பஸ்தியில் சுமார் 25 ஏழை வீடுகளில் இதைச் சோதித்தார்கள். கூரைமேல் வெள்ளை விரிப்பைப் போட்டார்கள். வீட்டுக்குள் சராசரியாக 2 டிகிரி சூடு குறைந்தது. இரண்டு டிகிரி சின்னதாகத் தெரியலாம். புழுக்கத்தில் புரண்டு படுப்பவருக்கு அது பெரிது.

2023-ல் தெலங்கானா அரசு குளிர்க் கூரைக் கொள்கை கொண்டுவந்தது. அரசுக் கட்டிடம், வணிகக் கட்டிடம், 600 சதுர கஜமும் அதற்கு மேலும் உள்ள மனையில் கட்டும் வீடு இவற்றுக்குக் குளிர்க் கூரை கட்டாயம். அதைவிடச் சின்ன வீடுகளுக்கு அவரவர் விருப்பம். அதிகம் வேகிறது எந்த வீடு? சின்ன வீடுதான். விருப்பம் இருக்கும். பெயின்டுக்குப் பணம் வேண்டுமே! இதை வார்டு கூட்டத்தில் கேட்கலாம். (ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் கால் வைத்து ஏறக் கூடாது. உடையும். ஏணியில் நின்றே பூச வேண்டும்.)

ஆமதாபாத்தில் 2010 மே மாதம் வெயிலால் பலர் இறந்தார்கள். 2013-ல் அந்த நகராட்சி வெப்பத் தடுப்புத் திட்டம் போட்டது. முன்கூட்டியே எச்சரிக்கை, மருத்துவமனைக்குப் பயிற்சி, தெருவில் குடிநீர். பிறகு பல நகரங்கள் இதைப் பின்பற்றின. திட்டம் போட்டால் உயிர் காக்க முடியும் என்று இதனால் தெரிந்தது.

தெரிந்துகொள்ள வேண்டியவை

வெயிலில் ஒருவர் மயங்குகிறார். உடம்பு நெருப்பாகச் சுடுகிறது, பேச்சு குழறுகிறது. இது வெப்ப மயக்கம். உயிருக்கு ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஈரத் துணியால் உடம்பு முழுவதும் துடைத்து, விசிற வேண்டும். 108-ஐக் கூப்பிட வேண்டும். (இந்த 108 வண்டி 2005-ல் முதலில் ஹைதராபாத்தில்தான் ஓடத் தொடங்கியது.) நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நினைவு தெளிவாக இருந்து, களைப்பு மட்டும் என்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுக்கலாம்.

இன்னொன்று. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு 2024-ல் அறிவித்தது. தெலங்கானா 2025-ல் அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவி உண்டு. ஆனால் வெயிலால் நேர்ந்த சாவு என்று பதிவாக வேண்டும். மாரடைப்பு என்று மட்டும் எழுதிவிட்டால் உதவி கிடைப்பது கடினம். துக்க வீட்டில் இதை எடுத்துச் சொல்ல விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும்.

2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்கு என்னவோ கானமயில் என்ற பறவையைப் பற்றியது. அதில் நீதிபதிகள் மக்களைப் பற்றியும் சொன்னார்கள். பருவநிலை மாற்றத்தின் கேட்டிலிருந்து காப்பாற்றப்படுவது மக்களின் உரிமை. வாழும் உரிமையிலும் சமத்துவ உரிமையிலும் அது அடங்கும். ஆகவே நிழல் கேட்பதும், குடிநீர் கேட்பதும், உச்சி வெயிலில் ஓய்வு கேட்பதும் பிச்சை அல்ல.

பேசிப் பாருங்கள்

உங்கள் தெருவில் பகல் இரண்டு மணிக்கு வெயிலில் நிற்பவர்கள் யார் யார்? அவர்களுக்கு எட்டும் தூரத்தில் நிழல், குடிநீர், கழிப்பறை இருக்கிறதா? இல்லை என்றால் யாரிடம் மனு கொடுக்க வேண்டும்? எல்லோரும் சேர்ந்து அந்த மனுவை எழுதிப் பாருங்கள்.