அம்மாவுக்குச் சொல்லலாமா?

“ஊரில அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தாங்கமாட்டா.” லண்டனில் மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்த எங்கள் பெண்கள் அடிக்கடி கேட்கும் புத்திமதி இது. கீமோவில் முடி கொட்டத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்கு வீடியோவில் பேசுவது நின்றுவிடும். குரல் மட்டும் போகும். பாசத்தால்தான் மறைக்கிறார்கள். ஆனால் இழப்பு இரண்டு பக்கமும் உண்டு.

இந்த நோயில் 5 முதல் 10 சதவீதம் பரம்பரையாக வருவது. பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற மரபணுக்களில் உண்டாகும் மாற்றம் அதற்கு முக்கியக் காரணம். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. அதனால்தான் லண்டன் டாக்டர் “குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில்?” என்று கேட்கிறார். அதற்குப் பதில் தெரிந்தவர் அம்மா. “வயித்தில கட்டி” என்று மட்டும் ஊரார் சொன்ன பெரியம்மாவுக்கு வந்தது சூலகப் புற்றுநோயாக இருந்திருக்கலாம். அதற்கும் இதே மரபணு மாற்றம் காரணமாகலாம். இங்கே மறைத்தால், ஊரிலிருக்கும் தங்கைக்குத் தானும் பரிசோதிக்க வேண்டும் என்பதே தெரியாமல் போகும். தெல்லிப்பழையிலேயே புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. அவளுக்கு அங்கே போகத் தோன்ற வேண்டாமா?

சிகிச்சைத் திட்டம் கைக்கு வந்தபின், அம்மாவின் பக்கத்தில் தங்கையை இருத்திவைத்துச் சொல்லுங்கள்.

தாய்வழி மட்டும்தான் கணக்கு என்பதும் தவறு. அப்பா வழியாகவும் வரும். அப்பாவின் சகோதரிகளான மாமிமாருக்கு வந்த நோயையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

“எங்கட பரம்பரையிலயே இல்லை, எனக்கு வராது” என்பவர்களுக்கு: இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோரின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் அது இருந்ததில்லை. இங்கிலாந்தில் 50 வயது முதல் 71 வரை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாமோகிராமுக்குக் கடிதம் வரும். அதை ஒதுக்கிவைக்காதீர்கள். கட்டி தட்டுப்பட்டால், நோகாவிட்டாலும், எந்த வயதிலும் ஜிபியிடம் போங்கள். பயாப்சி ஊசி குத்தினால் நோய் பரவும் என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை.

கடைசியாக, “மகன் மொழிபெயர்ப்பான்” என்ற நம்பிக்கை. பள்ளிக்கூடப் பிள்ளையின் வாயால் தாயின் நோயைச் சொல்லவைப்பதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. அம்மா பயந்துவிடுவாரே என்று அவன் பாதியை விழுங்கிவிடுவான். மீதிப் பாதியை மனதில் சுமப்பான். என்எச்எஸ் மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் இல்லை. நாள் குறிக்கும்போதே தமிழ் வேண்டும் என்று கேளுங்கள்.