கை பழகட்டும்... ஏ, பி, சி, டி தானாக வரும்!

எல்.கே.ஜி.யில் சேர்த்து மூணு மாசம்கூட ஆகியிருக்காது. ஹோம் ஒர்க் நோட்டில் நாலு கோடு போட்ட பக்கம். 'ஏ'யிலிருந்து 'இஸட்' வரை எழுதிக்கொண்டு போக வேண்டும். உங்கள் வீட்டு வாண்டு ரெண்டு வரி எழுதியதும் பென்சிலைக் கீழே போடுகிறது. "கை வலிக்குதும்மா..." என்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? "சாக்கு சொல்லாதே, எழுது!" என்றுதானே?

அது சாக்கு இல்லைங்க. நிஜமாகவே வலிக்கிறது.

நம் மணிக்கட்டில் எட்டு சின்னச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. குழந்தை பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக, வருடக்கணக்கில்தான் கெட்டிப்படும். மூணு, நாலு வயதில் எட்டில் பாதிகூட முழுதாக எலும்பாகியிருக்காது. கடைசி எலும்பு முளைக்கப் பத்து வயதுகூட ஆகிவிடலாம். அந்தப் பிஞ்சு மணிக்கட்டை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க எழுது என்றால்?

இன்னொரு விஷயம். குழந்தையின் உடம்பில் கட்டுப்பாடு என்பது தோளிலிருந்து முழங்கைக்கு, அங்கிருந்து மணிக்கட்டுக்கு, கடைசியாகத்தான் விரல் நுனிக்கு என்று வரும். ஓடி, ஏறி, தொங்கி, உருண்டு தோள் உறுதிப்பட்ட பிள்ளைக்குத்தான் பென்சில் சொன்னபடி கேட்கும். காலையில் வேனில் ஏறி உட்கார்ந்து, வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து, சாயந்திரம் டி.வி., செல்போன் முன்னால் உட்காருகிற குழந்தைக்கு இதெல்லாம் எப்போது நடக்கும்? ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு கணக்குச் சொன்னது. மூணு, நாலு வயதுக் குழந்தை தினமும் மூணு மணி நேரமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும். அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். திரை முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடவே கூடாது.

"அப்போ இங்கிலீஷ் வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள். ஆத்தூர், தலைவாசல், பெத்தநாயக்கன்பாளையம் என்று எந்த ஊர் அம்மாவைக் கேட்டாலும் பிள்ளை இங்கிலீஷ் பேச வேண்டும் என்பதுதான் முதல் ஆசை. நியாயமான ஆசைதான். பென்சிலில் ஆரம்பிக்காமல் காலிலும் கையிலும் ஆரம்பியுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷர் என்ற மனோதத்துவப் பேராசிரியர் 1960-களில் ஒரு முறையைச் சொன்னார். குழந்தை தாய்மொழியை எப்படிக் கற்கிறது? முதலில் பேசுவதில்லை. "வா", "உட்கார்", "பந்தை எடு" என்று நாம் சொல்வதைக் கேட்டுச் செய்கிறது. பேச்சு அப்புறம்தான். வேற்று மொழியையும் அப்படியே கற்கலாமே என்றார். ஆசிரியர் கட்டளை சொல்ல வேண்டும், பிள்ளை செய்து காட்ட வேண்டும். திருப்பிச் சொல் என்று கட்டாயப்படுத்தக் கூடாது.

இதை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். நொண்டி ஆட்டத்துக்குக் கட்டம் போட்டு "ஹாப்... ஹாப்... ஸ்டாப்!" என்று சொல்லுங்கள். மாடிப்படியில் "அப்... டவுன்!" பந்தை வைத்து "த்ரோ... கேட்ச்... ரோல்!" முதலில் நீங்களும் சேர்ந்து குதியுங்கள், வெட்கப்படாதீர்கள். ரெண்டு வாரம் போகட்டும், அது உங்களுக்கு ஆர்டர் போடும். "மம்மி, ஜம்ப்!" என்று சொல்லும்போது நீங்கள் குதித்தே ஆக வேண்டும்! உங்கள் இங்கிலீஷ் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, இதற்கு இருபது வார்த்தை போதும். மற்ற நேரம் வீட்டில் வாயாரத் தமிழில் பேசுங்கள். தமிழில் 'மேலே', 'கீழே', 'உள்ளே' புரிந்த குழந்தைக்குத்தான் இங்கிலீஷ் வார்த்தை சட்டென்று ஒட்டும்.

அடுத்து விரல். இதற்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். அம்மாயி கோலம் போடும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்த்து மாவைக் கிள்ளுகிறாரே, பென்சில் பிடிக்க வேண்டியதும் அதே மூணு விரல்தான்! தை மாசம் பச்சைத் துவரை, மொச்சை உரிக்கக் கொடுங்கள். சப்பாத்தி மாவைப் பிசையட்டும். துணி கிளிப்பை அழுத்தி அழுத்திக் கொடியில் மாட்டட்டும். சட்டைப் பட்டனைத் தானே போடட்டும், வேன் வந்துவிடும் என்று நீங்கள் போட்டுவிடாதீர்கள். (காய், பருப்பு, புளியங்கொட்டை எதுவானாலும் கண்ணெதிரே மட்டும்தான். மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ள ஒரு நிமிஷம் போதும்.)

இனி எழுத்து. ஆத்தூர்க்காரர்களுக்கு ஜவ்வரிசிக்குப் பஞ்சமா? ஒரு தாம்பாளத்தில் பரப்பி, ஆட்காட்டி விரலால் எழுத்தை வரையச் சொல்லுங்கள். வரையும்போதே அதன் ஓசையையும் சொல்லட்டும். 'எஸ்' எழுதும்போது "ஸ்ஸ்ஸ்..." என்று பாம்பு மாதிரி! விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிறோமே, அதேதான். 1907-ல் ரோமாபுரியில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவ வைத்துத்தான் எழுத்தறிவித்தார். அவர் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். நமக்கு ஒன்றும் புது விஷயம் இல்லை.

எந்த எழுத்து முதலில்? இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். பொதுவாக மூணு வயதில் வட்டம் வரைய வரும். நாலில் கூட்டல் குறி, பிறகு சதுரம். சாய்ந்த கோடுகளைச் சேர்த்து முக்கோணம் போட ஐந்து வயதாவது ஆக வேண்டும். பெரிய 'ஏ'வைப் பாருங்கள்... ரெண்டும் சாய்ந்த கோடு! அகர வரிசையில் முதலாவதாக நிற்பதே பிள்ளைக்குக் கஷ்டமான எழுத்து. அதனால் வரிசையை மறந்துவிட்டு, நேர்க்கோடு உள்ள 'எல்', 'டி', 'ஹெச்' எழுத்துகளில் தொடங்குங்கள். பிறகு 'ஓ', 'சி'. 'கே', 'எம்', 'எக்ஸ்', 'இஸட்' எல்லாம் மெதுவாக வரட்டும். வரிசையைப் பாட்டாகப் பாடிக்கொள்ளட்டும், எழுத வேண்டாம்.

பென்சில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒடித்த க்ரேயான் கொடுங்கள். சின்னத் துண்டை முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல் நுனி தானாக வேலை செய்யும். சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி நின்றுகொண்டே கிறுக்கவிட்டால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்ல பயிற்சி. இடது கையில் எழுதினால் விட்டுவிடுங்கள், ப்ளீஸ். கையில் அடித்து மாற்றுகிற வேலை வேண்டாம்.

மூணு வயதாகியும் அடிக்கடி தடுக்கி விழுகிறதா? படி ஏறவே தடுமாறுகிறதா? நாலு வயதாகியும் பென்சிலை முஷ்டியால்தான் பிடிக்கிறதா? முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்ய முடியவில்லையா? அப்போது "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அங்கன்வாடிக் குழந்தை என்றால், 2013-ல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் வருடத்துக்கு ரெண்டு முறை மருத்துவக் குழு வந்து பார்க்கும். அன்று லீவு போட்டுவிடாதீர்கள்.

சரி, நாளைக்கு அந்த ஹோம் ஒர்க்கை என்ன செய்வது? ஒரு வரி எழுதட்டும். மீதிக்கு டைரியில், "மிஸ், ஒரு வரி எழுதினான், கை வலித்தது, நிறுத்திவிட்டோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.