ஆயர்களை அளக்க ஒரே கோல் போதுமா?

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் மறைந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க 133 கர்தினால்கள் ரோமில் கூடினர். சிங்கப்பூரின் கர்தினால் வில்லியம் கோ, கொழும்பின் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆகிய இருவரும் அவர்களுள் அடங்குவர். மே 8ஆம் நாள் பதினான்காம் லியோ தேர்வாகும்வரை செய்தியாளர் பலர் ஒவ்வொரு கர்தினாலையும் 'லிபரல்', 'கன்சர்வேட்டிவ்' என்ற இரண்டு பெட்டிகளுள் ஒன்றில் இட்டு வந்தனர். இப்படிப் பிரிப்பது ஓர் ஆயரைப் புரிந்துகொள்ள எவ்வளவு தூரம் உதவும்? தமிழர் வாழ்வோடு தொடர்புடைய சில நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

சொல்லிலேயே ஒரு சாய்வு

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'லிபரல்' என்பதைத் தமிழில் தாராளவாதி என்றும் முற்போக்குவாதி என்றும் எழுதுகிறோம். 'கன்சர்வேட்டிவ்' என்பது பழமைவாதி ஆகிறது. சிலர் கையில் பிற்போக்குவாதியும் ஆகிவிடுகிறது. முற்போக்கு புகழ்ச்சி, பிற்போக்கு இகழ்ச்சி. அதே மனிதரை 'மரபுவாதி' என்று எழுதிப் பாருங்கள், பொருள் மாறிவிடும். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கே மரபியல் என்று பெயர். நமக்கு மரபு இழிசொல் அன்று. ஆக, வாதம் தொடங்கும் முன்பே மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்!

இன்னொன்றும் உண்டு. இச்சொற்கள் நாடாளுமன்ற அரசியலில் வளர்ந்தவை. கத்தோலிக்க ஆயரின் பணியோ, தமக்குக் கையளிக்கப்பட்ட நம்பிக்கையைக் காப்பது. மாற்றம் விரும்பும் ஆயரும் ஒருவகையில் காவலரே. ஆகவே ஒரே கோலுக்குப் பதில் மூன்று கோல்களை வைத்து அளந்து பார்ப்போம்.

முதற் கோல்: வழிபாடு

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து சிராங்கூன் சாலை வழியே தெற்கே நடந்தால் அங்குலியா பள்ளிவாசல், வீரமாகாளியம்மன் கோயில் ஆகியவற்றைக் கடந்து ஓஃபியர் சாலையை அடையலாம். அங்கே 1888இல் திறக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயம் நிற்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த ஆலயம் அது. 2005 முதல் தேசிய நினைவுச்சின்னம். ஆயினும் பல்லாண்டுகள் திருப்பலியின் மொழி லத்தீனாகவே இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட வழிபாட்டு ஏடுதான் மக்கள் மொழிகளுக்குக் கதவைத் திறந்தது. தமிழில் திருப்பலி காண்பதை இன்று மரபு என்கிறோம். அன்று அது பெரும் மாற்றம்.

இதே துறையில் மல்கம் ரஞ்சித் உறுதியான மரபுவாதி. 2005 முதல் 2009 வரை வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயத்தில் செயலாளராக இருந்தவர். கொழும்புப் பேராயரான 2009ஆம் ஆண்டிலேயே, நற்கருணையை மண்டியிட்டு நாவில் பெற வேண்டும் என்று தம் மறைமாவட்டத்தில் பணித்தார்.

இரண்டாம் கோல்: கோட்பாடு

இலங்கைக் குரு திஸ்ஸ பாலசூரிய, அன்னை மரியாவையும் மனித விடுதலையையும் பற்றி 1990இல் ஒரு நூல் எழுதினார். பிறப்புநிலைப் பாவம் பற்றிய போதனையை அது கேள்விக்கு உட்படுத்தியது. 1994இல் இலங்கை ஆயர்கள் அந்நூலுக்கு எதிராக எச்சரித்தனர். 1997 ஜனவரியில் வத்திக்கான் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கியது. ஓராண்டில் இணக்கம் ஏற்பட்டு 1998 ஜனவரியில் அத்தண்டனை நீங்கியது. ஏழைகளுக்காகக் குரல் கொடுப்பதை ஏற்கும் ஆயரும் கோட்பாட்டில் கை வைத்தால் பொறுக்கமாட்டார் என்பதை இதில் காண்கிறோம்.

மூன்றாம் கோல்: அதிகாரத்தின் முன் நீதி

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 1992 முதல் 2016 வரை அம்மறைமாவட்டத்தை வழிநடத்தினார். 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் கொண்டுசென்றது ஒரு கழித்தல் கணக்கு. 2008 அக்டோபரில் அரசின் புள்ளிவிவரப்படி வன்னியில் இருந்தோர் 429,059 பேர். போரின் முடிவில் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். 2021 ஏப்ரல் 1ஆம் நாள் அவர் மறையும்வரை அக்கேள்விக்கு நிறைவான பதில் வரவில்லை.

அதே காலத்தில், 2012இல், இலங்கை குறித்த ஜெனீவாத் தீர்மானத்தை அந்நியத் தலையீடு என்று கர்தினால் ரஞ்சித் எதிர்த்தார். பின்னர் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உண்மையை மறைக்கிறார்கள் என்று அடுத்தடுத்த அரசுகளை அவர் வெளிப்படையாகச் சாடினார். 2022 மார்ச்சில் ஜெனீவா மனித உரிமை மன்றத்திலேயே நின்று நீதி கேட்டார்.

வழிபாட்டில் அவர் மரபை விட்டு அசையவில்லை. ஆனால் மூன்றாம் கோலில் வெகுதூரம் நகர்ந்துவிட்டார். ஒரே சொல்லில் இதை எப்படி அடக்குவது? "எங்கள் பிள்ளைகளுக்காக இக்குரல் அன்றே எழுந்திருக்கக் கூடாதா?" என்று வன்னித் தாய் ஒருத்தி கேட்டால், அக்கேள்வியும் நியாயமானதே. ஆனால் அது மூன்றாம் கோலுக்குரிய கேள்வி. அவர் நற்கருணையை நாவில் தருகிறாரா கையில் தருகிறாரா என்பதில் அதற்கு விடை கிடையாது.

நாம் பெறும் பாடம்

பெயர்ச்சீட்டுகள் அறவே வேண்டாம் என்பதன்று நம் முடிவு. 'வழிபாட்டில் மரபுவாதி' என்றால் அது தெளிவான கூற்று. வெறுமனே 'மரபுவாதி' என்றால், அவர் ஏழையின் பக்கம் நிற்கமாட்டார் என்று கேட்பவர் தாமாகவே முடிவு கட்டிக்கொள்கிறார். வெறுமனே 'முற்போக்குவாதி' என்றால், அவரிடம் கேட்க வேண்டிய கடுமையான கேள்விகளைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். முன்னது மனிதருக்கு இழைக்கும் அநீதி. பின்னது உண்மைக்கு இழைக்கும் அநீதி.

கலந்துரையாடலுக்கு மூன்று கேள்விகள்:

1. 'லிபரல்', 'கன்சர்வேட்டிவ்' ஆகியவற்றுக்குச் சாய்வில்லாத தமிழ்ச் சொற்கள் எவை?
2. ஒரு தலைவர் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்வது பலவீனமா, வளர்ச்சியா? எதைக் கொண்டு முடிவு செய்வோம்?
3. நீங்கள் அறிந்த பிற சமயத் தலைவர் ஒருவரை இம்மூன்று கோல்களாலும் அளந்து பாருங்கள். விடை ஒன்றாக வருகிறதா?