மாடிப்படி மாதுவும் எட்டாம் வகுப்பும்

உரையாடல் எழுதுதல் பாடத்திற்கு நாகேஷின் ‘மாடிப்படி மாது’ நல்ல துணை. மாணவரின் மாலைப்பொழுதை நாம் அறியவும் அவன் உதவுவான்.

கே. பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ முதலில் மேடை நாடகம். 1968இல் அவரே அதைத் திரைப்படமாக இயக்கினார். மாது ஆதரவற்ற இளைஞன். பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் மாடிப்படியின் கீழ் தங்கி, எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து, கிடைத்ததை உண்டு படிக்கிறான்.

நூம்பலில் எட்டாம் வகுப்புக்குச் சில நிமிடக் காட்சிகளைத் திரையிட்டேன். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு இரண்டு கேள்விகள் கேட்டேன். “மாதுவை யார் யார் எதற்குக் கூப்பிடுகிறார்கள்? அவன் எப்போது படிக்கிறான்?” இரண்டாவது கேள்விக்கு வகுப்பு அமைதியானது.

அடுத்து, “மாலையில் உங்களை யார் கூப்பிடுகிறார்கள்?” என்பதை உரையாடலாக எழுதச் சொன்னேன். விரும்பியவர்கள் மட்டும் வாசித்தார்கள். தண்ணீர் பிடிப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, அம்மாவின் இட்லிக் கடையில் நிற்பது என நீண்டன வேலைகள். ஒரு மாணவி, “எங்க வீட்டுல நான்தான் மாது” என்று முடித்திருந்தாள். அவளுடைய வீட்டுப்பாடம் ஏன் பாதியில் நிற்கிறது என்பது புரிந்தது. இப்போது மதிய உணவுக்குப் பின் 20 நிமிடம் வகுப்பிலேயே வீட்டுப்பாடம் செய்கிறார்கள்.

இதைச் செய்து பார்க்கும் ஆசிரியர்கள் ஒன்றில் கவனமாக இருங்கள்: ‘மாது’ எந்தக் குழந்தைக்கும் பட்டப்பெயராகிவிடக் கூடாது. மாதுவின் சாமர்த்தியத்துக்குச் சிரிக்கலாம்; வறுமைக்கு அல்ல என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.