தேயிலைப் பெட்டியின் முத்திரைகளுக்குப் புள்ளியிடுவது எப்படி?

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு தேயிலைப் பெட்டியை வாங்கினால் சிங்கம், பச்சைத் தவளை, எஸ்.எல்.எஸ். இலக்கம் எனப் பல அடையாளங்கள் கண்ணில் படக்கூடும். மலையகத்தில் கொழுந்து பறிப்பவரைப் பற்றி இவற்றில் எது பேசுகிறது? பாடசாலைக் குழுவோ கூட்டுறவுக் கடையோ ஐந்து படிகளில் இதற்கு அளவுகோல் வகுத்துவிடலாம்.

1. வாக்குறுதியைப் பிரித்தெழுதுதல். சிங்க இலச்சினை இலங்கை தேயிலைச் சபையுடையது. முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்யப்பட்டது என்பதற்கு அது சான்று. எஸ்.எல்.எஸ். தரத்தைச் சொல்கிறது. தொழிலாளரின் சம்பளமும் அவர்கள் குடியிருக்கும் லயன் அறையும் இவ்விரண்டின் எல்லைக்கு வெளியே. அவற்றைத் தொடுபவை ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸின் தவளை, ஃபெயார்ட்ரேட் போன்றவை.

2. சொல்பவர் யார், சோதிப்பவர் யார்? சுற்றாடல் வாசகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. தரநிலைகளில், நிறுவனம் தானே சொல்லிக்கொள்வது 14021 வகை. மூன்றாம் தரப்பு சோதித்து வழங்குவது 14024 வகை. விளக்கமே இல்லாத ‘இயற்கைக்கு உகந்தது’ என்ற வாசகத்துக்குப் புள்ளி கிடையாது.

3. கேள்விகளை வகுத்தல். சமூகப் பகுதியில் சம்பளம், குடியிருப்பு, கொழுந்து பறிக்கும் இடத்தில் கழிப்பறை, தொழிற்சங்க உரிமை. சுற்றாடல் பகுதியில் கிருமிநாசினி, ஓடைக்கரைப் பாதுகாப்பு, மண்ணரிப்பு. ஒவ்வொன்றும் கட்டாய விதியா, வெறும் பரிந்துரையா என்றும் குறிக்க வேண்டும். ஃபெயார்ட்ரேட் விற்பனையில் கிடைக்கும் மேலதிகத் தொகையை எதற்குச் செலவிடுவது என்பதில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குப் பங்குண்டு. இத்தகைய ஏற்பாட்டுக்குத் தனிப் புள்ளி தரலாம்.

4. சோதனையையே சோதித்தல். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியத் தேயிலைத் தோட்டங்களில் சான்று பெற்றவற்றுக்கும் பெறாதவற்றுக்கும் தொழிலாளர் நிலையில் பெரிய வேறுபாடு காணவில்லை. ஆகவே கணக்காய்வாளர் முன்னறிவிப்பின்றி வருகிறாரா, மேற்பார்வையாளர் அருகில் இல்லாமல் தொழிலாளரிடம் தமிழில் பேசுகிறாரா, அறிக்கை பொதுவில் கிடைக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

5. புள்ளியிடல். பலவந்த உழைப்பையும் சிறுவர் உழைப்பையும் தடுக்காத முத்திரை முதலிலேயே விலக்கப்படும். ஏனைய கேள்விகளுக்கு 0, 1, 2 போதும்.

சமூகப் புள்ளியையும் சுற்றாடல் புள்ளியையும் கூட்டவே கூடாது. ஓடைக்கரையில் நட்ட மரம், கொழுந்து பறித்தவருக்குக் குறைந்த சம்பளத்தை ஈடுசெய்யாது.

பொய்யான வாசகம் கண்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம். ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் 2020இல் புதிய விதிமுறை வெளியிட்டதைப்போல முத்திரைகளின் விதிகள் மாறக்கூடியவை. எந்த ஆண்டின் விதிமுறையைப் படித்துப் புள்ளியிடப்பட்டது என்பது புள்ளி அட்டவணையின் தலைப்பிலேயே இருக்கட்டும்.