ஆவாரையும் நிலாவாரையும்: இலையால் அறியும் வகை

புன்செய்த் தரிசுகளில் தானாகவே முளைக்கும் ஆவாரையும், அரேபியா, சூடான் முதலிய பாலைப் பிரதேசங்களுக்குரியதும் திருநெல்வேலிச் சீமையில் நெடுங்காலமாய்ப் பயிராகி வருவதுமான நிலாவாரையும் ஓரினச் செடிகளாம். இரண்டும் மஞ்சட்பூப் பூப்பன. பேதி மருந்துக்கென வாங்கப்படுவது நிலாவாரை இலையே. ஆவாரை அதற்கு ஈடாகாது. ஆவாரை கலந்த மூட்டை விலை போகாது. ஆதலின் குடியானவர்கள் கீழ்க்கண்ட அடையாளங்களை அறிந்திருத்தல் அவசியம்.

1. நிலாவாரையில் ஓரிலைக்குப் பெரும்பாலும் 5 முதல் 8 இணைச் சிற்றிலைகள் உண்டு. ஆவாரையில் 8 முதல் 12.

2. நிலாவாரைச் சிற்றிலை ஈட்டிபோல் நுனி கூர்ந்து, அடிப்புறம் இருபக்கமும் ஒவ்வாதிருக்கும். ஆவாரையினது நுனி மழுங்கி, நடுவில் சிறு முள்போன்ற முனை கொண்டிருக்கும்.

3. ஆவாரையில் ஒவ்வோர் இணைக்கும் நடுவே காம்பின்மேல் மெல்லிய சுரப்பியொன்று நிற்கும், நிலாவாரையில் அஃதில்லை.

4. ஆவாரை இலைக்காம்பின் அடியில் காதுபோன்று அகன்ற இலையடிச் செதில்கள் உண்டு. நிலாவாரையில் அவை மிகச் சிறியன.

உலர்த்தியபின் சிற்றிலைகள் உதிர்ந்துவிடுமாதலால் பின்னிரண்டு அடையாளங்களும் மறைந்துபோம். ஆகவே, இலை பறிக்குமுன்னரே வயலைச் சுற்றிப் பார்த்து, ஊடே முளைத்த ஆவாரையை வேரொடு களைந்துவிடுதல் நலம்.